முப்பதில் ஓடும் பந்தயம்

கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அடிவாரத்தில் காரவள்ளியைத் தாண்டியதும் வளைவுக்கு ஒன்றாக எண் பலகைகள் தொடங்கிவிடும். அந்தச் சாலையில் வேகமானியின் முள் 40-ஐத் தொடுவதே அபூர்வம். ஆனால் வண்டி ஓட்டுவதை விரும்பும் ஒருவர் மேலே போய்ச் சேர்ந்து கதவைத் திறந்து இறங்கும்போது அவர் முகத்தைப் பாருங்கள். கீழே நான்குவழிச் சாலையில் 100-ல் வந்தபோது கொட்டாவி விட்டவர்தான். இப்போது கண்ணில் ஒளி தெரிகிறது. கேட்டால் 'மெதுவாத்தான் வந்தேன்' என்பார். பொய்யில்லை. ஆனால் உள்ளுக்குள் ஒரு பந்தயத்தை ஓட்டி முடித்திருக்கிறார்.

இந்தப் பகல்கனவு நம்மில் பலருக்கும் பழக்கமானது. ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கு அது தினசரி வருவது. அலுவலகம் போகும் வழியில் ஒரு ரவுண்டானா, மேம்பாலத்திலிருந்து இறங்கும் ஒரு சுருள் பாதை, காலை ஆறு மணிக்குக் காலியாகக் கிடக்கும் ஒரு திருப்பம், இவ்வளவு போதும். கை ஸ்டீயரிங்கைப் பிடிக்கும் விதமே மாறிவிடும். பந்தயக் களத்தில் அவர் ஒருநாள்கூட ஓட்டியிருக்க மாட்டார். இருந்தும் உடம்புக்கு ஏதோ தெரிந்துவிடுகிறது. அது என்ன என்பதைத்தான் நாம் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கப் போகிறோம்.

முதலில் எல்லோரும் சொல்லும் பதிலை எடுத்துக்கொள்வோம். 'வேகம்தான் காரணம். வேகமாகப் போனால் பந்தயம் மாதிரி இருக்கும். ஸ்போர்ட்ஸ் கார் வேகமாகப் போகும், அதனால் கனவு வருகிறது.' இந்தப் பதில் அவ்வளவு இயல்பாகத் தோன்றுவதால் யாரும் அதைத் திருப்பிக் கேட்பதில்லை. ஆனால் நம் உடம்பில் வேகத்தை நேரடியாக அறியும் உறுப்பு ஒன்றுகூடக் கிடையாது.

நம்பக் கடினமாக இருந்தால் விமானப் பயணத்தை நினைத்துப் பாருங்கள். 900 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறோம். எந்தப் பந்தயக் காராலும் அந்த வேகத்துக்குப் பக்கத்தில் வர முடியாது. நாமோ அதில் தூங்குகிறோம், படம் பார்க்கிறோம். ஆனால் அதே விமானம் ஓடுபாதையில் கிளம்பும் அந்த அரை நிமிடம் எப்படி இருக்கிறது? முதுகை இருக்கை அழுத்துகிறது. வயிற்றில் ஏதோ நழுவுகிறது. குழந்தைகள் சிரிக்கிறார்கள், சிலர் கைப்பிடியை இறுகப் பற்றுகிறார்கள். அப்போது விமானத்தின் வேகம் மேலே இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். நாம் உணர்வது வேகம் மாறுவதை. வேகம் கூடும்போது, குறையும்போது, அல்லது திசை திரும்பும்போது மட்டுமே உடம்பு விழித்துக்கொள்கிறது.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு கிளாஸ் டீ போதும். பாதி நிரப்பிய கிளாஸ் ஒன்றைக் காரின் தரையில் வைத்திருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். நேரான சாலையில் சீராக 100-ல் போகும்போது டீயின் மேற்பரப்பு நம் சாப்பாட்டு மேசையில் இருப்பதுபோலவே மட்டமாக இருக்கும். பிரேக்கைத் தொட்டால் டீ முன்பக்கமாக ஏறும். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் பின்பக்கமாக ஏறும். வலப்புறம் திரும்பினால் இடது விளிம்பை நோக்கி ஏறும். வண்டி எவ்வளவு வேகத்தில் போகிறது என்று அந்த டீக்குத் தெரியாது. வேகத்துக்கு இப்போது என்ன நேர்கிறது என்பது மட்டுமே தெரியும்.

நம் காதுக்குள் இருப்பதும் கிட்டத்தட்ட அதுதான். உட்செவியில் ஜெல்லி போன்ற ஒரு படலம் இருக்கிறது. அதன்மேல் செவிக்கற்கள் என்னும் மிகச் சிறிய சுண்ணாம்புப் படிகங்கள் பதிந்திருக்கின்றன. வேகம் மாறும்போது கற்கள் கொஞ்சம் பின்தங்கி நகரும், படலம் இழுபடும், அதன் அடியில் இருக்கும் நுண்மயிர்கள் வளைந்து மூளைக்குச் செய்தி போகும். தலை திரும்புவதை அறிய அருகிலேயே மூன்று அரைவட்டக் குழல்கள் தனியாக இருக்கின்றன. சீரான வேகத்தில் கற்கள் அசையாது. அசையாவிட்டால் செய்தியும் இல்லை.

இனி ஒரு சின்னக் கணக்கு. பள்ளிக்கூடத்துக்குப் பிறகு கணக்கைத் தொடாதவர்களும் கூட வரலாம். பூமி நம்மைக் கீழே இழுக்கும் அளவை ஒன்று என்று வைத்துக்கொள்வோம். பொறியாளர்கள் இதை ஒரு ஜி என்பார்கள். வளைவில் நம்மைப் பக்கவாட்டில் தள்ளுவதுபோலத் தோன்றும் விசை, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடும், வளைவு அகன்றதாக இருந்தால் குறையும். நெடுஞ்சாலையில் 500 மீட்டர் ஆரமுள்ள ஒரு விரிந்த வளைவை 100 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தால் கிடைப்பது ஏறக்குறைய 0.16 ஜி. டீயின் மேற்பரப்பு 9 டிகிரி சாயும். மலைச்சாலையில் 15 மீட்டர் ஆரமுள்ள ஒரு கொண்டை ஊசி வளைவை வெறும் 30-ல் கடந்தால் கிடைப்பது 0.47 ஜி. சாய்வு 25 டிகிரி.

அதாவது 30-ல் போகிறவருக்கு 100-ல் போகிறவரைப்போல் மூன்று மடங்கு பந்தயம் கிடைக்கிறது. கொல்லிமலையில் இறங்கியவர் முகத்தில் கண்டது இதுதான். அவர் கனவு கண்டார் என்று சொல்வதுகூடச் சரியில்லை. அவருடைய செவிக்கற்கள் உண்மையாகவே ஓரளவு பந்தயத்தை ஓட்டியிருக்கின்றன.

இங்கே சற்று நிற்க வேண்டும். அதே வளைவில் 30-க்குப் பதில் 40 போனால் என்ன ஆகும்? பத்துக் கிலோமீட்டர்தான் கூடுதல், முள் ஒரு விரல்கூட நகராது. ஆனால் வர்க்கக் கணக்கு இரக்கமில்லாதது. 0.47 என்பது 0.84 ஆகிவிடும். நல்ல நிலையில் இருக்கும் சாதாரண டயர்கள், காய்ந்த தாரின் மேல், சொல்லப்போனால் தம்மால் முடிந்த அளவின் அருகில் வந்துவிடும். மழை பெய்து நனைந்திருந்தால் அந்தப் பிடி கிடைக்கவே கிடைக்காது. இனிமையான 30-க்கும் பள்ளத்துக்கும் நடுவே இருப்பது அவ்வளவுதான். வேகமானியைப் பார்த்து ஆபத்தை அளக்கப் பழகியவர்கள் மலையில் தவறுவது இதனால்தான். 'நாற்பதில்தானே வந்தேன்' என்று அவர்கள் சொல்வது முழுக்க உண்மையாகவே இருக்கும்.

சரி, காருக்கு வருவோம். நல்ல ஸ்போர்ட்ஸ் காரை வடிவமைப்பவர்களுக்கு இந்த ரகசியம் எப்போதோ தெரியும். 1989-ல் சிகாகோ கார் கண்காட்சியில் மஸ்தா நிறுவனம் எம்எக்ஸ்-5 என்ற இரண்டு இருக்கைக் காரை வெளியிட்டது. 1.6 லிட்டர் எஞ்சின்தான், எடை ஒரு டன்னுக்கும் குறைவு. அன்றைக்கே அதைவிட வேகமான குடும்பக் கார்கள் எத்தனையோ இருந்தன. இருந்தும் 2016-க்குள் 10 லட்சம் எம்எக்ஸ்-5 கார்கள் தயாராகிவிட்டன. இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்களில் உலகிலேயே அதிகம் விற்றது அதுதான். வாங்கியவர்கள் வேகத்துக்காக வாங்கியிருக்க முடியாது. நான் அறிந்த கார்களில் பகல்கனவுக்காகவே செய்தது என்று சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

அந்தக் காரின் கியர்களைப் பாருங்கள். முதல் கியரில் எஞ்சினை அதன் உச்சச் சுழற்சி வரை விரட்டினாலும் வண்டி ஏறக்குறைய 55 கிலோமீட்டர் வேகத்தைத்தான் எட்டும். இரண்டாம் கியரில் 90-ஐ ஒட்டி வரும். அப்படியென்றால் ஊருக்குள் அனுமதித்த வேகத்துக்குள்ளேயே எஞ்சின் அடிவயிற்றிலிருந்து உச்சிக்குப் பாடி முடித்துவிடும், கிளட்சை மிதித்துக் கியரை மாற்றும் வேலையும் கைக்குக் கிடைத்துவிடும். இன்றைய 500 குதிரைத்திறன் கார்களில் இது நடக்காது. அவற்றின் இரண்டாம் கியர் முடிவதற்குள் சட்டத்தின் எல்லையைத் தாண்டிவிடுவோம். எஞ்சின் அப்போதுதான் விழித்திருக்கும். பெரிய காரை வாங்கியவர் அதன் சக்தியில் கால்பங்கைக்கூடத் தொடாமல் அலுவலகம் போய் வருகிறார். அவருக்குக் கனவு காண இன்னும் அதிக வேகம் தேவைப்படுகிறது, சாலையோ அதைத் தராது. பலருக்கும் விலையுயர்ந்த கார் சில மாதங்களில் சலித்துப்போவதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இருக்கையின் உயரமும் ஒரு வேலை செய்கிறது. காதுக்கு வேகம் தெரியாது என்றோம், கண்ணுக்கு ஓரளவு தெரியும். சாலைப் பரப்பு நம்மை நோக்கி ஓடி வருவதைக் கண் தன் உயரத்தை வைத்துத்தான் அளக்கிறது. ஸ்போர்ட்ஸ் காரில் ஓட்டுநரின் கண் தரையிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்று மேலே இருக்கும். பெரிய எஸ்யூவியில் ஒன்றரை மீட்டர், பேருந்தில் அதற்கும் மேல். மூன்றும் 50-ல் போனாலும் தாழ உட்கார்ந்தவருக்குத் தார் விரைந்து ஓடும், பேருந்துக்காரருக்கு ஊர்ந்து போவதுபோல் இருக்கும். கார்ட் பந்தயத் தளத்தில் சின்ன வண்டியில் உட்கார்ந்து 50-ல் போய்விட்டு 'நூறைத் தாண்டிவிட்டேன்' என்று சத்தியம் செய்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

கண்ணின் இந்தக் கணிப்புக்கு ஒரு பலவீனமும் உண்டு. அது பழகிவிடும். ஒரு மணிநேரம் நெடுஞ்சாலையில் 100-ல் வந்தவருக்கு ஊர் எல்லையில் 60 என்பது நிற்பதுபோலத் தெரியும். பிரேக் போட்டாகிவிட்டது என்று மனம் சொல்லும், முள் 75-ல் இருக்கும். இங்கிலாந்தில் வேகச் சாலைகள் ரவுண்டானாவில் முடியும் இடங்களில் மஞ்சள் கோடுகளைக் குறுக்கே தீட்டி, கிட்டப் போகப் போக இடைவெளியைக் குறைத்துக்கொண்டே போவார்கள். மரத்துப்போன கண்ணுக்கு வேகத்தை மறுபடி உணர்த்துவதற்கான ஏற்பாடு அது.

இதுவரை கனவுக்குக் காரணம் பார்த்தோம். இப்போது அந்தக் கனவில் வருகிற பந்தய ஓட்டுநர் உண்மையில் என்ன செய்கிறார் என்று பார்ப்போம். கனவில் நாம் பெரும்பாலும் ஆக்சிலரேட்டரைத்தான் அழுத்துகிறோம். களத்தில் அது எளிய பகுதி. நேரான பாதையில் யார் வேண்டுமானாலும் காலை இறக்கிவிட்டு உட்காரலாம். நேரத்தைச் சம்பாதிப்பதும் இழப்பதும் வளைவுக்குள் நுழைந்து வெளியே வரும் சில விநாடிகளில்தான்.

காரைத் தரையோடு பிணைத்திருப்பவை நான்கு டயர்கள். ஒவ்வொன்றும் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். நிற்பதும் திரும்புவதும் கிளம்புவதும் அந்த நான்கு உள்ளங்கைகளின் வழியாகவே நடக்க வேண்டும். நம் டீ கிளாஸுக்குத் திரும்புவோம். டயர்களின் மொத்தப் பிடியைக் கிளாஸின் விளிம்பாக வைத்துக்கொள்ளுங்கள். டீ எந்தப் பக்கம் வேண்டுமானாலும் ஏறலாம், விளிம்பைத் தாண்டக் கூடாது. நேராகப் போகும்போது பிரேக்கை முழுதாக அழுத்தினால் டீ முன்விளிம்பு வரை ஏறி நிற்கும். அந்த நிலையிலேயே ஸ்டீயரிங்கையும் திருப்பினால்? பக்கவாட்டில் ஏற இடமே மிச்சமில்லை. வழிந்துவிடும். காரில் அதற்குப் பெயர் சறுக்கல்.

ஆகவே ஓட்டுநர் செய்வது ஒரு கைமாற்று. நேராக இருக்கும்போதே பிரேக்கின் பெரும்பகுதியை முடித்துவிடுவார். ஸ்டீயரிங் உள்ளே திரும்பத் திரும்ப அதே அளவுக்குப் பிரேக்கிலிருந்து கால் மெல்ல எழும். வளைவின் நடுவில் டீ முழுக்கப் பக்கவாட்டில் நிற்கும். பிறகு ஸ்டீயரிங் நேராக நேராக ஆக்சிலரேட்டர் இறங்கும், டீ பின்பக்கம் போகும். முன்விளிம்பிலிருந்து பக்கவிளிம்பு வழியாகப் பின்விளிம்புக்கு, ஒரு சொட்டும் சிந்தாமல், இடையில் ஒரு குலுங்கலும் இல்லாமல் அதை ஓட்டிச் செல்வதுதான் அந்தக் கலை. பார்முலா 1 காரில் கடுமையாகப் பிரேக் போடும்போது விசை 5 ஜி வரை போகும். டீ ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும். விளிம்பு அவ்வளவு உயரத்தில் இருக்கிறது, அவ்வளவே. செய்யும் வேலை ஒன்றுதான். 1969, 1971, 1973 என மூன்று முறை உலகப் பட்டம் வென்ற ஜாக்கி ஸ்டூவர்ட்டின் ஓட்டத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் வியந்து சொன்னது அதன் மென்மையைத்தான்.

குலுங்கல் ஏன் கூடாது என்பதற்கு எடையில் ஒரு காரணம் இருக்கிறது. ஆயிரம் கிலோ எடையுள்ள ஒரு சின்ன ஸ்போர்ட்ஸ் கார் கடுமையாகப் பிரேக் போட்டால் ஏறக்குறைய 170 கிலோ எடை பின்டயர்களிலிருந்து முன்டயர்களுக்குப் போய்ச் சேரும். இரண்டு பெரியவர்களைத் தூக்கி முன்னால் உட்கார வைத்த அளவு. எடை ஏறிய டயருக்குப் பிடி கூடும், எடை இறங்கியதற்குக் குறையும். பிரேக்கைச் சட்டென்று அடித்தால் அந்த எடை வந்து சேருவதற்கு முன்பே முன்டயரிடம் வேலை கேட்கிறோம். வளைவின் நடுவே பயந்து காலைச் சட்டென்று எடுத்தால் பின்டயரின் எடையைத் திருடிவிடுகிறோம், பின்பக்கம் வெளியே வீசும்.

இதைத் தண்ணீர்க் கோப்பையை வைத்தே கதையாக்கியவர் ஒருவர் இருக்கிறார். ஷுய்ச்சி ஷிகேனோ என்ற ஜப்பானிய ஓவியக் கதையாசிரியர் 1995-ல் தொடங்கி 2013 வரை வரைந்த இனிஷியல் டி என்னும் தொடரில், டோஃபு கடைக்காரரின் மகன் டகுமி விடியுமுன் மலைமேல் இருக்கும் விடுதிக்குச் சரக்கு கொண்டுபோவான். பழைய டொயோட்டா ஏஇ86 கார். டோஃபு குலுங்கினால் உடைந்துவிடும் என்பதால் அப்பா ஒரு காகிதக் கோப்பையில் தண்ணீர் நிரப்பி வண்டியில் வைத்து அனுப்புவார். தண்ணீர் சிந்தாமல் ஓட்டக் கற்றவன், தான் கற்றது பந்தயம் என்று அறியாமலே வளர்கிறான். கதையில் வரும் இரவுப் போட்டிகளை யாரும் பின்பற்ற வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கோப்பை கற்பனை என்றாலும் பாடம் கச்சிதமானது. உலகம் முழுவதும் எத்தனையோ பேரின் பகல்கனவுக்கு இந்தத் தொடர்தான் வித்திட்டது.

இப்போது பந்தயப் பாதை. வெளி ஓரத்தில் தொடங்கி, வளைவின் உள்முனையைத் தொட்டு, மறுபடி வெளி ஓரத்துக்குப் போவது. கனவில் இது நிச்சயம் வரும். காரணம் எளிது: இப்படிப் போனால் வளைவு விரிந்து ஆரம் கூடுகிறது. உள்ளே 20 மீட்டர் ஆரமுள்ள ஒரு செங்கோணத் திருப்பத்தை எடுத்துக்கொள்வோம். 12 மீட்டர் அகலமுள்ள களத்தில் ஓர் ஓட்டுநர் அதை ஏறக்குறைய 55 மீட்டர் ஆரமாக விரித்துவிடுவார். நம் தடத்தின் அகலம் மூன்றரை மீட்டர், கார் பாதியை அடைத்துக்கொள்ளும். மிச்சத்தில் எவ்வளவு திறமையாக ஓட்டினாலும் 26 மீட்டருக்கு மேல் விரிக்க முடியாது. மிச்சத்தைப் பெற எதிர்த்தடத்துக்குள் போகத்தான் வேண்டும். எதிரே தெரியாத வளைவில் எதிர்த்தடத்துக்குள் போவதற்குக் கலை என்று பெயர் இல்லை. தடத்துக்குள் கிடைக்கும் அந்தக் கொஞ்ச விரிவை மட்டும் எடுத்துக்கொண்டால், நுழையும்போது சற்று வெளியே நின்றால், வளைவின் மறுபுறம் கொஞ்சம் முன்கூட்டியே தெரியும். சாலையில் அந்தப் பார்வைதான் லாபம்.

பார்வை என்றதும் இன்னொன்று. பகல்கனவில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் ஒன்றாக நினைப்பது பிழை. ஒரு வகையில் மனம் சாலையை விட்டுப் போய்விடும். கைதட்டல் கேட்கும், மேடை தெரியும், முன்னால் போன ஆட்டோ நின்றது தெரியாது. இன்னொரு வகையில் மனம் வழக்கத்தைவிட அதிகமாகச் சாலைக்குள் வரும். பந்தய ஓட்டுநரைப்போல் பார்வை பானெட்டுக்கு முன்னால் நிற்காமல் வளைவின் மறுமுனைக்குப் போகும். தாரின் நிறம் மாறும் இடம், டிராக்டர் சக்கரம் கொட்டிவிட்டுப் போன மண், ஓரத்தில் நிற்கும் சைக்கிள்காரரின் தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதெல்லாம் தெரியும். இந்த இரண்டாவது கனவைக் காண்பவரின் பக்கத்தில் நான் நிம்மதியாக உட்காருவேன்.

அப்படியானால் சாலையில் எதைத்தான் செய்யக் கூடாது? விளிம்பைத் தேடக் கூடாது. களத்தில் ஓட்டுநர் பிடியின் எல்லையைக் கண்டுபிடிப்பதே அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாண்டிப் பார்த்துத்தான். ஒரு சுற்றில் இரண்டு மீட்டர் தாமதமாகப் பிரேக் போடுவார், அடுத்த சுற்றில் இன்னும் ஒன்று. தவறினால் சுற்றிலும் காலியிடம் இருக்கிறது, கொடி பிடித்து எச்சரிக்க ஆள் இருக்கிறார், எதிரே வண்டி வராது. சாலையில் ஒவ்வொரு வளைவும் முதல் சுற்றுதான். நேற்று நாம் கடந்த அதே திருப்பத்தில் இன்று காலை தண்ணீர் லாரி ஒழுகியிருக்கலாம், ஆட்டுமந்தை கடக்கலாம். தினமும் போகும் வழி என்பதால் தெரிந்த வழி ஆகிவிடாது.

நிற்கும் தூரத்தையும் பார்த்துவிடுவோம், இதிலும் வர்க்கம் வருகிறது. ஒருவர் 50-ல் வருகிறார், இன்னொருவர் 100-ல். சாலையில் ஒரு குழந்தை ஓடி வருவதை இருவரும் ஒரே இடத்தில் பார்க்கிறார்கள். கால் பிரேக்கைத் தொட இருவருக்கும் ஒரு விநாடி ஆகிறது. முதலாமவர் அந்த ஒரு விநாடியில் 14 மீட்டர் ஓடி, பிரேக் போட்டு, மொத்தம் 26 மீட்டரில் நின்றுவிடுகிறார். இரண்டாமவர் அந்த ஒரு விநாடியிலேயே 28 மீட்டர் போய்விடுவார். முதலாமவரின் கார் நின்றுவிட்ட இடத்தை அவர் இன்னும் பிரேக்கைத் தொடாமலே, முழு 100-ல் கடந்து போகிறார். அவருடைய கார் எத்தனை கோடி என்பதோ பிரேக் எந்த நிறுவனத்தினுடையது என்பதோ அந்த 28 மீட்டருக்குள் எந்த மாற்றத்தையும் செய்யாது. இந்தக் கணக்கைப் புதிதாகக் கார் வாங்கும் ஒவ்வொருவரிடமும் யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

பொதுச்சாலையில் போட்டி வைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவு குற்றம் என்கிறது. மாநில அரசு எழுத்தில் அனுமதித்தால்தான் விலக்கு. அப்படி அனுமதித்த ஓர் இரவை 2024 ஆகஸ்ட் 31-ல் சென்னை பார்த்தது. தீவுத்திடலைச் சுற்றி நாம் வழக்கமாகப் பேருந்துக்குப் பின்னால் ஊர்ந்து போகும் சாலைகளையே 3.5 கிலோமீட்டர் களமாக மாற்றி, விளக்குகளின் கீழ் பார்முலா 4 கார்களை ஓட்டினார்கள். நெரிசலில் நின்றுகொண்டு கனவு கண்டவர்கள் அதே தாரில் அது நிகழ்வதைத் தடுப்புக்கு இப்பால் நின்று பார்த்தார்கள். அந்தத் தடுப்புகளையும் வேலிகளையும் நிறுத்துவதற்கு எவ்வளவு உழைப்பு தேவைப்பட்டது என்று கவனித்தவர்களுக்கு, சாலைக்கும் களத்துக்கும் இடையே உள்ள தூரம் விளங்கியிருக்கும்.

நமக்கு நிரந்தரக் களங்களும் உண்டு. சென்னையில் களத்தில் பந்தயம் ஓட்டும் பழக்கம் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில் வேர்விட்டது. ஊரே திரண்டு போய்ப் பார்த்த காலம் அது. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளக் களம் திறந்தது. கோயம்புத்தூரில் பந்தய வீரர் கரிவரதனின் பெயரைத் தாங்கிய கரி வேகத்தளம் இருக்கிறது. 2005-ல் பார்முலா 1-க்குப் போன முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் அந்த ஊர்க்காரர். 2010-ல் போன கருண் சந்தோக் சென்னைக்காரர். இந்தக் களங்களில் பந்தயம் இல்லாத சில நாட்களில் சொந்தக் காரைக் கொண்டுபோய், தலைக்கவசம் அணிந்து, பயிற்சியாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்க்க வழி இருக்கிறது.

அங்கே முதன்முதலாகப் போகிறவர்கள் மறுபடியும் அதே பழைய எண்ணத்தோடுதான் போகிறார்கள்: நேர்ப்பாதையில் முள் எவ்வளவு ஏறும் என்று பார்த்துவிட வேண்டும். அதற்குப் பத்து நிமிடம் போதும், பிறகு அலுத்துவிடும். அதற்குப் பதிலாக ஒரே ஒரு வளைவைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். பிரேக் போடும் இடத்துக்கு ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள், பலகையோ தாரில் இருக்கும் ஒட்டோ எதுவானாலும் சரி. முதல் சுற்றில் நிதானமாகப் போங்கள். பிரேக்கை எங்கே விட்டோம், எந்த இடத்தில் வண்டி திரும்பச் சம்மதித்தது என்று கவனியுங்கள். பக்கத்தில் இருப்பவர் ஒரு வார்த்தை சொல்வார், அநேகமாகக் காலைப் பற்றி இருக்காது, 'இன்னும் தள்ளிப் பாருங்கள்' என்று கண்ணைப் பற்றித்தான் இருக்கும். இரண்டு, மூன்று நிமிடத்தில் அதே வளைவு, அதே அடையாளத்தோடு, எதிரே யாருமில்லாமல் மறுபடி வரும். அப்போது ஒரு மீட்டர் மாற்றிப் பார்க்கலாம்.